கடல் காத்த தெய்வமும் கரை காத்த அறமும்

ஆவூர், விராலிமலை, கீரனூர் முதலிய உள்நாட்டு ஊர்களில் வாழும் அன்பர்களுக்குக் கடல் என்பது யாத்திரைக் காலத்தில் மட்டுமே காணக் கிடைக்கும் காட்சியாகும். விராலிமலையில் மயில்மீது எழுந்தருளியிருக்கும் ஆறுமுகப் பெருமானை வணங்கியவர்கள், அப்பெருமானையே அலைகள் அடிவருடும் திருச்செந்தூரில் தரிசிக்கச் செல்கின்றனர். நாகைக் காரோணத்திற்கும், கோடியக்கரைக்கும், இராமேசுவரத்திற்கும் சென்று கடலாடி மீள்கின்றனர். இத்தகைய கடற்கரைத் தலங்களில் வழங்கும் வரலாறுகளைச் செவிமடுப்போர் அவற்றுள் ஓர் ஒற்றுமையைக் காணலாம். புயல் எழுகிறது, கலம் சிதைகிறது, நம்பிக்கை இழந்த வேளையில் ஒரு தெய்வம் தோன்றிக் காக்கிறது.

கேட்போர் நெஞ்சில் நிலைத்து நிற்பது பெரும்பாலும் கடல் நடுவே நிகழ்ந்த அற்புதமேயாகும். எனினும், இக்கதைகளை முழுமையாக நோக்கினால், அவை கரையில்தான் நிறைவு பெறுகின்றன என்பது புலப்படும். உடைந்த மரத்தைப் பற்றிக்கொண்டு கரையேறியவனை அக்கரையில் வாழ்வோர் எவ்வாறு நடத்தினர்? அவனது பொருளை என் செய்தனர்? உயிர் பிழைத்தவன் தான் பெற்ற அருளுக்கு ஈடாக எதைச் செய்தான்? இவ்வினாக்களுக்கு விடை கூறுவதே கடலோர மக்கள் இக்கதைகளைத் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வருவதன் உட்பொருளாகும்.

நெய்தல் நிலத்து வழிபாடு

ஐவகை நிலங்களுள் கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் எனப்பட்டது. தொல்காப்பியம் அந்நிலத்திற்குரிய தெய்வமாக வருணனைக் குறிப்பிடுகிறது. காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தைப் பாடும் பட்டினப்பாலை, அவ்வூர்ப் பரதவர் முழுநிலா நாளில் கடல்மேற் செல்லாது ஓய்ந்திருந்து, சுறாமீனின் கொம்பை மணலில் நட்டு, அதில் தெய்வம் உறைவதாகக் கொண்டு வழிபட்டதைக் கூறுகிறது. உயிருக்கு ஊறு செய்யவல்ல சுறாவின் கொம்பே வழிபடு பொருளாக அமைந்தது சிந்திக்கத்தக்கது. உணவு தரும் கடலே உயிரையும் கொள்ளும் என்பதை அறிந்தோர் செய்த வழிபாடு அது.

அவ்வச்சத்திற்குத் தக்க காரணங்கள் இருந்தன. சோழமண்டலக் கரையில் பெருங்கப்பல்கள் பாதுகாப்பாக ஒதுங்கி நிற்பதற்குரிய இயற்கையான ஆழ்குடாக்கள் மிகவும் குறைவு. கலங்கள் கரைக்கு அப்பால் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நிற்க, சிறு தோணிகள் அலைகளைக் கடந்து சரக்கைக் கரை சேர்த்தன. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றுடன் வங்கக் கடலில் புயல்கள் தோன்றும். காற்றை நம்பிப் பாய் விரித்த அக்காலக் கலங்களுக்கு அப்பருவம் பெரும் இடர் தருவதாக இருந்தது.

கோடியக்கரைக்குத் தெற்கே உள்ள பாக் நீரிணைப் பகுதியோ ஆழம் குறைந்தது. மணல் திட்டுகள் நிறைந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தின் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் ஆகிய மீன்பிடித் துறைகளும், குலச்சிறை நாயனார் அவதரித்த மணமேல்குடியை அடுத்த கடற்கரையும் இப்பகுதியைச் சார்ந்தவையே. ஆழம் குறைந்த நீரில் காற்று மிகும்போது அலைகள் குறுகிய இடைவெளியில் அடுத்தடுத்து எழுந்து படகைத் தாக்கும். திட்டில் தட்டிய கலம் மீள்வது அரிது. இந்நீர்ப்பரப்பின் தென்கோடியில் விளங்கிய தனுஷ்கோடி நகரம் 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவில் வீசிய புயலில் அழிந்ததை இன்றும் மக்கள் நினைவு கூர்கின்றனர்.

இவ்வாறு இடர் நிறைந்த கடலில் சென்றவனுக்குத் துணை இரண்டே. ஒன்று தெய்வம், மற்றொன்று அவன் ஒதுங்கும் கரையில் வாழும் மனிதர்.

மணிமேகலா தெய்வம்

தமிழ்க் காப்பியங்களில் கடற்காவல் தெய்வமாகப் போற்றப்படுவது மணிமேகலா தெய்வமாகும். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் இத்தெய்வம் பற்றிய செய்தி இடம்பெறுகிறது. கோவலனின் முன்னோர் ஒருவர் வாணிகத்தின் பொருட்டுக் கடல்மேற் சென்றபோது, நள்ளிரவில் அவரது கலம் உடைந்தது. அவர் சில நாட்கள் கடலில் நீந்தித் தத்தளித்தார். முன்பு செய்த அறத்தின் பயனாக மணிமேகலா தெய்வம் அவர் முன் தோன்றி, இந்திரன் ஏவலால் தான் அக்கடலைக் காத்து வருவதாகக் கூறி, அஞ்ச வேண்டா என்று தேற்றிக் கரை சேர்த்தது. அன்று முதல் அது அக்குடியின் குலதெய்வமாயிற்று.

மாதவி பெண் மகவை ஈன்றபோது, கோவலன் அந்நன்றியை மறவாது குழந்தைக்கு மணிமேகலை எனப் பெயர் சூட்டினான். அத்துடன் அவன் அமைந்துவிடவில்லை. பெயர் சூட்டு விழாவில் வந்தோர்க்கெல்லாம் பொன்னை வாரி வழங்கினான். தானம் பெற வந்த முதிய அந்தணர் ஒருவரை மதயானை பற்றியபோது, தன் உயிரைப் பொருட்படுத்தாது பாய்ந்து அவரை மீட்டான். தன் குலத்தில் ஒருவர் கடலில் காக்கப்பட்டதன் நினைவாக நடந்த விழாவிலேயே, மற்றோர் உயிரைத் தான் காக்கும் வாய்ப்பு அவனுக்கு நேர்ந்தது. பெற்ற அருளைப் பிறர்க்கு அளிப்பதே நன்றி என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

இத்தெய்வத்தின் புகழ் தமிழகத்தோடு நில்லாது கடல் கடந்தும் பரவியது. பாலி மொழியிலுள்ள மகாஜனக ஜாதகக் கதையில், கலம் உடைந்தபின் கடலில் நீந்திய மகாஜனகனை மணிமேகலா தெய்வம் காத்ததாகக் கூறப்படுகிறது. சங்க ஜாதகக் கதையிலும் இத்தெய்வமே வருகிறது. தாய்லாந்து, கம்போடியா முதலிய நாடுகளில் மேகலா என்னும் பெயரால் இத்தெய்வத்தின் கதை இன்றும் கூத்தாக நடிக்கப்படுகிறது. வணிகர் கலங்கள் சென்ற வழியெல்லாம் அவர்களைக் காத்த தெய்வத்தின் கதையும் சென்றது போலும்.

நாகர் மலையில் சாதுவன்

தெய்வம் காத்துக் கரை சேர்த்தபின் நடப்பது என்ன என்பதை மணிமேகலைக் காப்பியம் சாதுவன் வரலாற்றில் விரித்துரைக்கிறது.

காவிரிப்பூம்பட்டினத்தில் வாழ்ந்த சாதுவன், கற்பிற் சிறந்த மனைவியாகிய ஆதிரையைப் பிரிந்து, கணிகை ஒருத்தியின் தொடர்பாலும் சூதாட்டத்தாலும் செல்வம் முழுவதையும் இழந்தான். பின்னர் மனம் வருந்தி, பொருளீட்டி வருவோம் என்று வணிகருடன் கலம் ஏறினான். நடுக்கடலில் காற்று மோதிக் கலம் உடைந்தது. ஒடிந்த பாய்மரத் துண்டு ஒன்றைப் பற்றிக்கொண்ட சாதுவன், அலைகளால் உந்தப்பட்டு நாகர் வாழும் மலைப்பக்கம் ஒதுங்கினான்.

உயிர் தப்பிய வேறு சிலர் ஊர் திரும்பி, சாதுவன் இறந்தான் என்று கூறினர். அதனைக் கேட்ட ஆதிரை தீ வளர்த்து அதில் புகுந்தாள். தீ அவளைச் சுடவில்லை. 'உன் கணவன் உயிருடன் இருக்கிறான். சந்திரதத்தன் என்னும் வணிகனின் கலத்தில் மீள்வான்' என்னும் கருத்துடைய அசரீரி ஒலித்தது. அவள் இல்லம் திரும்பி அறம் செய்து காத்திருந்தாள்.

நாகர்களோ கரையொதுங்கும் மனிதரைக் கொன்று உண்ணும் இயல்பினர். உறங்கிய சாதுவனைக் கண்டு அவர்கள் சூழ்ந்தனர். அவன் அவர்களது மொழியை அறிந்திருந்தமையால் அஞ்சாது பேசினான். வியப்புற்ற அவர்கள் அவனைத் தம் தலைவனிடம் அழைத்துச் சென்றனர். தலைவன் அவனுக்குக் கள்ளும் ஊனும் பெண்ணும் அளிக்க முன்வந்தான். சாதுவன் அவற்றை ஏற்க மறுத்து, நல்வினை தீவினைகளின் பயனை எடுத்துரைத்தான். மனம் மாறிய நாகர் தலைவன், தங்கள் வாழ்க்கை முறைக்கு ஏற்றதாகத் தாங்கள் கைக்கொள்ளத்தக்க அறம் யாது என்று வினவினான்.

அப்போது சாதுவன் கூறிய விடையே இவ்வரலாற்றின் உயிர்நிலையாகும். கலம் உடைந்து உயிர் பிழைத்து இங்கு வந்து சேர்வோரைக் கொல்லாது காப்பாயாக என்பதே அவன் கூறிய முதல் அறம். மூத்து இறந்த விலங்குகளைத் தவிர வேறு உயிர்களைக் கொல்லாதே என்பது அடுத்து உரைத்தது. கடினமான நோன்புகளையோ பெரும் வேள்விகளையோ அவன் விதிக்கவில்லை. கடற்கரையில் வாழ்வோர்க்குரிய முதன்மையான அறம் எதுவோ அதனையே கூறினான்.

தலைவன் அதனை ஏற்றான். அதுகாறும் கரையொதுங்கிய வணிகரிடமிருந்து கைப்பற்றிய சந்தனம், அகில், ஆடை முதலிய பொருள்களைக் கொணர்ந்து சாதுவனிடம் ஒப்படைத்தான். அவ்வழியே வந்த சந்திரதத்தனின் கலத்தில் ஏறிய சாதுவன், ஊர் திரும்பி ஆதிரையுடன் பல தானங்களைச் செய்து வாழ்ந்தான்.

அட்சய பாத்திரத்தின் கடல்வழி

மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபி என்னும் அட்சய பாத்திரத்தைப் பற்றி அறியாதார் இலர். அப்பாத்திரத்தின் வரலாறும் கடலில் நேர்ந்த ஓர் இடரோடு தொடர்புடையது.

சிந்தாதேவி அளித்த அப்பாத்திரத்தைக் கொண்டு ஆபுத்திரன் மதுரையில் பசித்தோர்க்கெல்லாம் உணவளித்து வந்தான். பின்னர் நாட்டில் வளம் பெருகியமையால் உணவு வேண்டி வருவோர் இல்லாது போயினர். சாவக நாட்டில் மழையின்றி மக்கள் பசியால் வாடுவதாகக் கேள்வியுற்று அவன் கலம் ஏறினான். கடுங்காற்றின் காரணமாகக் கலம் மணிபல்லவத் தீவில் ஒரு நாள் தங்கியது. ஆபுத்திரன் தீவில் இறங்கியிருந்ததை அறியாத மாலுமிகள் இரவில் பாய் விரித்துச் சென்றுவிட்டனர். உண்பார் எவருமற்ற தீவில், உலகையே ஊட்டவல்ல பாத்திரத்துடன் அவன் தனித்து நின்றான். தன் ஒருவன் வயிற்றை மட்டும் நிரப்பிக்கொள்ள அதனைப் பயன்படுத்த அவன் விரும்பவில்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்தான்.

பிற்காலத்தில் மணிமேகலா தெய்வம் மணிமேகலையை அத்தீவிற்கு எடுத்துச் சென்றது. வைகாசிப் பௌர்ணமி நாளில் பொய்கையிலிருந்து வெளிப்பட்ட பாத்திரம் அவள் கையை அடைந்தது. அதில் முதற்பிச்சை இடத் தக்கவள் யார் என்று ஆராய்ந்தபோது, ஆதிரையே சுட்டிக்காட்டப்பட்டாள். கலம் உடைந்து கணவன் மாண்டான் என்ற செய்தியைக் கேட்டுத் துடித்த அவ்வம்மையின் கையால் இடப்பெற்ற அன்னமே, காவிரிப்பூம்பட்டினத்தில் பசிப்பிணி தீர்க்கும் வற்றாத ஊற்றாயிற்று. திருக்கோயில்களில் நாள்தோறும் நடைபெறும் அன்னதானத்தின் பெருமையை உணர விழைவோர் இத்தொடர்பை எண்ணிப் பார்த்தல் நலம்.

கல்லில் பொறித்த சட்டம்

இவை காப்பியக் கற்பனைகள் மட்டும்தானா என்னும் ஐயம் சிலருக்கு எழலாம். கரையொதுங்கிய கலத்தின் பொருள் யாருக்கு உரியது என்பது அக்காலத்தில் மெய்யாகவே பெரும் சிக்கலாக இருந்தது. கரையில் ஒதுங்கியது கரையின் அதிபதிக்கே உரியது என்ற வழக்கம் உலகின் பல நாடுகளில் நிலவியது. உயிர் பிழைத்து வந்த வணிகன் தன் கண்ணெதிரே தன் பொருள் முழுவதும் பறிபோவதைக் காணும் நிலை இருந்தது. இவ்வழக்கத்தைக் கட்டுப்படுத்திய இரண்டு கல்வெட்டுகள் கோயில்களிலேயே காணப்படுகின்றன.

முதலாவது, யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவில் உள்ள ஸ்ரீ நாகபூஷணி அம்மன் திருக்கோயிலில் உள்ளது. மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவம் இந்நயினாதீவே என்று கருதுவோர் பலர். 12ஆம் நூற்றாண்டில் இலங்கையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் ஆணையைத் தாங்கிய அக்கல்வெட்டு, தமிழ் மொழியில் அமைந்துள்ளது. பரதேசிகள் ஊராத்துறையில் வந்து இறங்க வேண்டும் என்றும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்பட வேண்டும் என்றும் அது கூறுகிறது. அரசனுக்கென யானைகளும் குதிரைகளும் ஏற்றி வரும் கலம் சிதைந்தால் நான்கில் ஒரு பங்கு அரசுக்கும், எஞ்சிய மூன்று பங்கு உடையவனுக்கும் உரியது. வணிகச் சரக்கு ஏற்றி வந்த கலம் சிதைந்தால் பாதி அரசுக்கும் பாதி உடையவனுக்கும் உரியது. அனைத்தையும் இழந்தோம் என்று கரையில் நின்றவனுக்கு, அவன் பொருளில் ஒரு பங்கேனும் சட்டப்படி மீளக் கிடைத்தது.

இரண்டாவது, ஆந்திரக் கடற்கரையில் மோட்டுப்பள்ளி என்னும் ஊரில் வீரபத்திரர் திருக்கோயிலில் உள்ள கல்வெட்டாகும். காகதீய மன்னன் கணபதிதேவன் 1244ஆம் ஆண்டளவில் வெளியிட்ட அபய சாசனம் அது. முற்காலத்து அரசர்கள் புயலில் சிக்கிக் கரையில் மோதிய கலங்களின் சரக்கு முழுவதையும் வலிந்து கவர்ந்துகொண்டனர் என்று அது வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது. உயிரினும் பொருளைப் பெரிதாக எண்ணி ஆபத்தான கடற்பயணத்தை மேற்கொள்ளும் வணிகர்மீது இரக்கம் கொண்டும், புகழையும் அறத்தையும் கருதியும், உரிய சுங்கம் தவிர வேறெதனையும் கொள்வதில்லை என மன்னன் அதில் உறுதியளிக்கிறான்.

நாகர் தலைவனிடம் சாதுவன் வேண்டிய அறம், பல நூற்றாண்டுகளுக்குப் பின் அரசர்களின் ஆணையாகக் கல்லில் ஏறியதை இவ்விரு சாசனங்களும் காட்டுகின்றன. அக்கற்கள் திருக்கோயில்களில் இடம் பெற்றிருப்பதும் பொருத்தமே. இறைவன் திருமுன் பொறிக்கப்பட்ட வாக்கை மீற எவரும் அஞ்சுவர் அன்றோ?

முதல் மீன் இறைவனுக்கே

பிறர் பொருளை விரும்பாத மனம் ஒரு நாளில் வாய்ப்பதன்று. கடல் தருவது அனைத்தும் தனக்கே உரியது என்ற எண்ணத்தை விடுவதே அதன் தொடக்கம். இதனை வாழ்ந்து காட்டியவர் அறுபத்துமூன்று நாயன்மார்களுள் ஒருவரான அதிபத்த நாயனார் ஆவார்.

நாகப்பட்டினத்தை அடுத்த நுளைப்பாடியில் பரதவர் குலத் தலைவராக அவதரித்த அதிபத்தர், வலையில் அகப்படும் மீன்களுள் ஒன்றைச் சிவபெருமானுக்கு அர்ப்பணம் என்று கடலில் விடுவதை நாள்தோறும் கடமையாகக் கொண்டிருந்தார். அவரது பக்தியைச் சோதிக்கத் திருவுளம் கொண்ட பெருமான், நாளொன்றுக்கு ஒரு மீன் மட்டுமே வலையில் படுமாறு செய்தார். அந்த ஒன்றையும் அவர் இறைவனுக்கே விட்டார். செல்வம் சுருங்கியது, சுற்றம் பசியால் வாடியது, அவரது கொள்கை தளரவில்லை. ஒருநாள் அம்மீனும் இன்றி, பொன்னாலும் நவமணிகளாலும் ஆகிய அற்புத மீன் ஒன்று வலையில் வந்தது. உலகையே விலையாகப் பெறத்தக்க அதனையும் அவர் ஒரு கணமும் தயங்காது இறைவனுக்கென அலைமேல் விட்டார். பெருமான் இடப வாகனத்தில் தோன்றி அவரை ஆட்கொண்டார். சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் இவ்வரலாற்றைப் போற்றியுள்ளார்.

நாகப்பட்டினம் அருள்மிகு நீலாயதாட்சி அம்மன் உடனுறை காயாரோகணேசுவரர் திருக்கோயிலைச் சார்ந்து, ஆவணி மாதத்தில் இந்நாயனாரின் விழா நடைபெறுகிறது. மீனவப் பெருமக்கள் நாயனாரின் திருவுருவைப் படகில் எழுந்தருளச் செய்து கடலுக்குச் சென்று, வலையில் பொன்மீன் கிடைத்த நிகழ்ச்சியை மீண்டும் நடத்திக் காட்டுகின்றனர். பசித்த நாளிலும் தனதன்று என்று கருதியதைத் தொடாத ஒருவரைத் தம் குலத்தின் பெருமையாகக் கொண்டாடும் மக்கள், கரையொதுங்கியவனின் பொருளைக் கவர எங்ஙனம் ஒருப்படுவர்?

செந்திலம்பதியில் நிகழ்ந்த அற்புதம்

தனதல்லாததைக் கவர்ந்து சென்றோரைக் கடல் எவ்வாறு எதிர்கொண்டது என்பதைத் திருச்செந்தூர்த் தல வரலாறு கூறுகிறது.

17ஆம் நூற்றாண்டில் முத்துக் குளிக்கும் கடற்கரையின்மீது ஆதிக்கம் செலுத்தப் போர்த்துக்கீசியரும் டச்சுக்காரர்களும் போட்டியிட்டனர். மதுரையில் திருமலை நாயக்கர் ஆட்சி புரிந்த காலம் அது. 1648ஆம் ஆண்டளவில் திருச்செந்தூர்த் திருக்கோயிலைக் கைப்பற்றித் தங்கிய டச்சுக்காரர்கள், வெளியேறியபோது சண்முகப் பெருமான், நடராசப் பெருமான் ஆகியோரின் உலோகத் திருமேனிகளைப் பொன் என்று கருதிக் கப்பலில் ஏற்றிச் சென்றதாக வரலாறு கூறுகிறது. நடுக்கடலில் கடும் புயல் எழுந்தது. கப்பல் கவிழும் நிலை கண்டு அஞ்சியவர்கள் திருமேனிகளைக் கடலில் இட்டனர். புயலும் தணிந்தது என்பர்.

நாயக்க மன்னரின் பிரதிநிதியாகத் திருநெல்வேலிச் சீமையில் இருந்த வடமலையப்ப பிள்ளை பெரும் முருக பக்தர். திருமேனிகளை இழந்த துயரால், அவற்றைப் போன்ற வேறு திருமேனிகளை வார்ப்பிக்க ஏற்பாடு செய்தார். அப்போது பெருமான் அவரது கனவில் தோன்றி, கடலில் எலுமிச்சம்பழம் மிதக்கும் இடத்தில், மேலே கருடன் வட்டமிடும் இடத்தின் கீழ், தாம் இருப்பதாக உணர்த்தியருளினார். அவ்வாறே படகில் சென்று தேடியபோது அடையாளங்கள் புலப்பட்டன. மூழ்கி எடுக்கப்பெற்ற திருமேனிகள் 1653ஆம் ஆண்டில் மீண்டும் பிரதிட்டை செய்யப்பெற்றன. இன்றும் திருச்செந்தூரில் சண்முகப் பெருமானைத் தரிசிப்போர் இவ்வரலாற்றைச் சொல்லி மெய்சிலிர்க்கின்றனர்.

புயலைக் கண்டு பொருளைக் கைவிட்டவர்கள் உயிர் தப்பினர் என்பதையும் இவ்வரலாற்றில் கவனித்தல் வேண்டும். கவர்ந்தோரையும் பெருமான் அழிக்கவில்லை. உரியதை உரிய இடத்தில் சேர்ப்பித்தலே அவர் திருவுளமாக இருந்தது.

சமயம் கடந்த கரை

இவ்வறம் எந்த ஒரு சமயத்திற்கும் மட்டும் உரியதன்று. நாகூரில் அடங்கியுள்ள 16ஆம் நூற்றாண்டு மகானாகிய ஷாகுல் ஹமீது அவர்களைப் பற்றியும் இத்தகைய வரலாறு வழங்குகிறது. முகச்சவரம் செய்துகொண்டிருந்த வேளையில், தொலைவில் ஒரு கப்பல் ஓட்டை விழுந்து மூழ்குவதை உணர்ந்த அவர், கையிலிருந்த கண்ணாடியை வீசினார் என்றும், அது சென்று அவ்வோட்டையை அடைத்தது என்றும் கூறுவர். அத்தர்காவின் மிக உயர்ந்த மினாராவைக் கட்டித் தந்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் ஆவார்.

வேளாங்கண்ணியிலோ, மக்காவுவிலிருந்து இலங்கை நோக்கிச் சென்ற போர்த்துக்கீசிய வணிகர்கள் புயலில் சிக்கி, அன்னை மரியாளை வேண்டிச் செப்டம்பர் 8ஆம் நாளில் கரை சேர்ந்ததாக வரலாறு வழங்குகிறது. மொழி அறியாத அந்நியர்களைக் கண்ட அவ்வூர் மீனவர்கள், அவர்களை அங்கிருந்த எளிய கூரைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றனர் என்பர். பிழைத்தவர்கள் தங்கள் வேண்டுதலின்படி அதனைக் கட்டடமாக எழுப்பினர். பின்னர் வந்தபோது பீங்கான் தட்டுகளைக் காணிக்கையாகக் கொணர்ந்து பீடத்தை அணி செய்தனர். கரையொதுங்கியவரை அழைத்துச் சென்ற மீனவரின் பெயரை எவரும் அறியார். அவர் செய்த செயலே அத்தலத்தின் வரலாற்றில் நிலைத்துள்ளது.

நாகை, நாகூர், வேளாங்கண்ணி ஆகிய மூன்று ஊர்களும் அடுத்தடுத்து ஒரே கடற்கரையில் அமைந்தவை. மூன்றிலும் மூன்று வழிபாடுகள். மூன்றிலும் கடலையும் கலத்தையும் பற்றிய வரலாறுகள்.

இன்றைய நாளில் இவ்வறம்

பாய்மரக் கலங்கள் மறைந்து விசைப்படகுகள் வந்துவிட்டன. வானிலை எச்சரிக்கைகள் முன்கூட்டியே கிடைக்கின்றன. எனினும் கடலின் இயல்பு மாறவில்லை. கரையின் கடமையும் குறையவில்லை.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அன்று உயிர் தப்பி ஓடி வந்தோர்க்கு உள்நாட்டு ஊர்களிலிருந்த கோயில்களும், பள்ளிகளும், திருமண மண்டபங்களும் புகலிடமாயின. முன்பின் அறியாதவர்கள் அடுப்பு மூட்டி உணவு சமைத்தனர். ஆதிரையின் கைப்பிச்சை அன்று பல்லாயிரம் கைகளின் வழியே வந்தது எனலாம்.

2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் கன்னியாகுமரி மாவட்டத்தையும் கேரளத்தையும் சேர்ந்த மீனவர்கள் பலர் உயிரிழந்தனர். அப்புயலில் திசை மாறிய படகுகள் இலட்சத்தீவு, மகாராட்டிரம், குசராத்து ஆகிய பகுதிகளின் கரைகளைச் சென்றடைந்தன. மகாராட்டிரக் கரையில் மட்டும் 900க்கும் மேற்பட்ட மீனவர்கள் ஒதுங்கினர். சாதுவனுக்கு நாகர் மொழி தெரிந்திருந்தது. இவர்களுள் பலருக்கு அக்கரையின் மொழி தெரியாது. ஆயினும் உணவும் தங்குமிடமும் கிடைத்தன.

பொருளைப் பற்றிய அறமும் இன்று சோதனைக்கு உள்ளாகிறது. 2025ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள் கேரளக் கடற்பகுதியில் எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் சரக்குக் கப்பல் மூழ்கியது. அதிலிருந்த 24 பணியாளர்களும் கடலோரக் காவல்படையினராலும் கடற்படையினராலும் மீட்கப்பட்டனர். கப்பலில் இருந்த 600க்கும் மேற்பட்ட கொள்கலன்களுள் பல கடலில் மிதந்து கரையொதுங்கின. அவற்றைத் தொடவோ திறக்கவோ வேண்டா என்று அரசு எச்சரித்தது. கரையொதுங்கிய பொருளைக் கண்டெடுத்தவர் உரிய அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது 1958ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்திலேயே கூறப்பட்டிருந்தது. 2025இல் அச்சட்டத்திற்கு மாற்றாகப் புதிய சட்டம் இயற்றப்பட்டது. முற்காலத்தில் உடையவனின் உரிமைக்காக ஏற்பட்ட விதி, இன்று இரசாயனப் பொருள்களால் விளையக்கூடிய தீங்கிலிருந்து கரையில் வாழ்வோரையும் காக்கிறது.

கடலில் ஆபத்திலிருப்போர் எந்நாட்டவராயினும் அவர்களுக்கு உதவுவது கப்பல் தலைவனின் கடமை என 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கை வலியுறுத்துகிறது. நம் மீனவர்களுக்கு இது புதிய செய்தியன்று. ஒரு படகு குறித்த நேரத்தில் திரும்பாவிடில், பகைமை பாராது மற்றப் படகுகள் தேடிப் புறப்படுவது கடலோர ஊர்களின் வழக்கமாகும். அத்தகைய வேளையில் இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிற்கும் உடனே தெரிவித்தல் நலம்.

முடிவுரை

மணிமேகலைக் காப்பியத்தில் இறுதியாக ஒரு நிகழ்ச்சி வருகிறது. சோழ மன்னன் கிள்ளிவளவனின் குழந்தையை ஏற்றி வந்த கம்பளச் செட்டியின் கலம், கரைக்கு அண்மையில் உடைந்து குழந்தை காணாமற் போயிற்று. மன்னன் ஆற்றாத் துயரில் மூழ்கி, ஆண்டுதோறும் நடைபெற வேண்டிய இந்திர விழாவை மறந்தான். மணிமேகலா தெய்வத்தின் சினத்திற்கு ஆளாகிக் காவிரிப்பூம்பட்டினம் கடலுள் மறைந்தது என்று காப்பியம் கூறுகிறது. மாலுமிகளைக் காத்த அதே தெய்வம், ஊர் தன் கடமையை மறந்தபோது காவலை விலக்கிக்கொண்டது. இழப்பு எத்துணைப் பெரிதாயினும் கடமை தவறலாகாது என்பதை இதனினும் வன்மையாக உரைக்க இயலாது.

ஆகவே, கடற்கரைத் தலங்களைத் தரிசிக்கச் செல்லும் அன்பர்கள், அலையைக் கண்டு வணங்கும்போது, அதன்மீது சென்றோரையும் நினைந்து வேண்டுதல் தக்கதாகும். அங்கே தெய்வம் ஒருவனைக் கரை வரையில் கொண்டுவந்து சேர்க்கிறது. அவனுக்கு ஆடையும் அன்னமும் ஆறுதலும் அளித்து, அவன் பொருளை அவனிடமே ஒப்படைத்து, இல்லம் சேர்ப்பிக்கும் பணி கரையிலிருப்போரிடம் விடப்பட்டுள்ளது. அந்தப் பணி கடற்கரைக்கு மட்டும் உரியதும் அன்று. நோயாலும், வறுமையாலும், உறவினரை இழந்தும் வாழ்க்கைக் கலம் உடைந்து வாயிலில் வந்து நிற்போர் ஆவூரிலும் உண்டு; எவ்வூரிலும் உண்டு. அவர்களைக் கரையேற்றுவோர்க்குச் செந்திலாண்டவனும், காரோணத்துப் பெருமானும், கடல்காக்கும் அன்னையும் என்றும் துணை நிற்பார்களாக.